கோயிலின் பழைய வெள்ளிப் பாத்திரங்கள்: திருத்துவதா, மாற்றுவதா, எடுத்து வைப்பதா?

வன்னியில் பழைய கோயில் ஒன்றின் அருட்பணிச்சபை கூடினால், பெருநாள் கணக்கு வாசித்து முடிந்த கையோடு பாத்திரப் பேச்சு வந்துவிடும். “பூசைக் கிண்ணம் உள்ளுக்குக் கறுத்துப்போச்சு பாதர், மாத்தத்தான் வேணும்” என்பார் ஒருவர். “எங்கட பூட்டன் காலத்துச் சாமான், அதிலை ஒருத்தரும் கை வைக்கக்கூடாது” என்பார் மூப்பர். கனடாவிலிருந்து லீவில் வந்த யாராவது முழுச் செட்டையும் புதிதாக வாங்கித் தருவதாகச் சொல்வார். பின்வாங்கிலிருந்து ஒருவர், “உருக்கினால் எவ்வளவு வரும்?” என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்.

நாலு பேச்சிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் நாலு பேரும் எல்லாப் பாத்திரத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தீர்ப்புச் சொல்கிறார்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. பூசைக் கிண்ணத்துக்கு ஒரு முடிவு, நற்கருணை அப்பம் வைக்கும் நற்கருணைப் பாத்திரத்துக்கு இன்னொன்று, ஆராதனைக்கு நற்கருணையை எல்லோரும் காண வைக்கும் கதிர்ப்பாத்திரத்துக்கும் தூபக்கலசத்துக்கும் வேறு வேறு முடிவுகள் என்றுதான் பார்க்க வேண்டும். ஒரே கிண்ணத்துக்குள்ளும் பூசையின் திராட்சை இரசம் படுகிற உட்புறத்தையும் சித்திரம் நிறைந்த வெளிப்புறத்தையும் பிரித்துத்தான் யோசிக்க வேண்டும். உட்புறம் திருவழிபாட்டு ஒழுங்குக்குக் கட்டுப்பட்டது. அதைப் புதுப்பிக்கத் தயங்க வேண்டாம். வெளிப்புறத்தைத் துப்புரவாக வைத்தால் போதும், புதிதாக்கக் கூடாது.

கையில் இருப்பது என்ன?

எங்கள் பக்கத்தில் எந்தப் பழைய பாத்திரத்தையும் “போர்த்துக்கேயர் காலத்துச் சாமான்” என்று சொல்லும் பழக்கம் உண்டு. கேட்கப் பெருமையாக இருக்கும், முடிவெடுக்க உதவாது. 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தர் பிடித்தபின் கத்தோலிக்கப் பூசைக்குத் தடை வந்தது. மாந்தையில் இருந்த மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு 1670 அளவில் சனம் மடுக் காட்டுக்குள் போனது இந்தக் கெடுபிடியால்தான். 1687இல் வந்த கோவா நாட்டுக் குருவானவர் யோசேவ் வாஸ் முனிவர் ஒளித்து ஒளித்துத்தான் பூசை வைத்தார். அப்படிப்பட்ட காலத்தைத் தாண்டி ஒரு வெள்ளிக் கிண்ணம் ஒரே கோயிலில் தங்கியிருப்பது அபூர்வம். ஆங்கிலேயர் 1806இல் தடைகளை நீக்கினார்கள். 1847இல் அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிரெஞ்சுக்காரர். 1872இல் மடுக் கோயிலுக்கு அடிக்கல் நாட்டிய பொன்ஜீன் ஆண்டகையும் பிரெஞ்சுக்காரரே. ஆகவே பீடத்துக்குப் பின் அறையில் இருக்கும் பழைய வெள்ளி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரான்சில் செய்யப்பட்டதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதைச் சரிபார்க்க, நகை செய்யும் பத்தர் கண்ணில் இடுக்கும் கண்ணாடி ஒன்று போதும். கிண்ணத்தின் விளிம்புக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கத்திலும், அடித்தட்டின் ஓரத்திலும் பாருங்கள். தலைக்கவசம் போட்ட ஒரு பெண் தலை சின்னதாகக் குத்தியிருந்தால் அது மினர்வா முத்திரை. 1838 முதல் பிரெஞ்சு அரசு வெள்ளிக்கு இட்டுவருவது. பக்கத்தில் 1 என்ற இலக்கம் இருந்தால் ஆயிரத்தில் 950 பங்கு வெள்ளி, 2 இருந்தால் 800 பங்கு. செய்தவரின் முத்திரை சாய்சதுரக் கட்டத்துக்குள் இருந்தால் முழு வெள்ளி. நேரான சதுரத்துக்குள் இருந்தால் முலாம் பூசியது. நடக்கும் சிங்கம் இருந்தால் ஆங்கிலேய வெள்ளி, 925 பங்கு. ஈ.பி.என்.எஸ். என்ற நான்கு எழுத்து இருந்தால் நிக்கல் கலப்பு உலோகத்தின்மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு, அவ்வளவுதான். கோவா வேலையிலும் உள்ளூர்ப் பத்தர் வேலையிலும் பெரும்பாலும் முத்திரையே இருக்காது.

ஒரு முத்திரையைக் கண்டதும் முழுப் பாத்திரமும் வெள்ளி என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அந்தக் காலப் பிரெஞ்சுக் கிண்ணங்கள் பலவற்றில் மேல் கிண்ணம் மட்டும் வெள்ளி. தண்டும் அடித்தட்டும் பித்தளை அல்லது செம்பு, அதன்மேல் பூச்சு. அடித்தட்டின் விளிம்பு தேய்ந்த இடத்தில் மஞ்சளோ சிவப்போ தெரிந்தால் விடை கிடைத்துவிட்டது. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலோ கொழும்பு செட்டியார் தெருவிலோ உள்ள பெரிய நகைக்கடைகளில் கதிர் பாய்ச்சி உலோகம் பார்க்கும் இயந்திரம் இருக்கும். ஆனால் அது மேல்தோலைத்தான் வாசிக்கும். முலாம் பூசிய பித்தளையைக்கூட வெள்ளி என்று சொல்லிவிடக்கூடும். திராவகச் சொட்டு வைத்துப் பார்க்கிறேன் என்று பத்தர் சொன்னால், சித்திரத்தின் பக்கம் விடாதீர்கள். அடித்தட்டின் உட்புறத்தில் ஒரு மூலை காட்டுங்கள்.

சித்திரத்தைப் படித்துவிட்டுத்தான் முடிவு

முத்திரை பார்ப்பது சுலபம். நேரம் எடுத்துப் பார்க்க வேண்டியது அலங்காரத்தை. பெரும்பாலான சபைகள் தாண்டிப் போவதும் இதைத்தான்.

கிண்ணத்தை அடியிலிருந்து மேலே பாருங்கள். அடித்தட்டில் ஒரு பக்கம் சிலுவை இருக்கும். குருவானவர் எந்தப் பக்கத்து விளிம்பால் பருக வேண்டும், எந்தப் பக்கத்தைத் துடைக்க வேண்டும் என்பதற்கு அது அடையாளம். தட்டு வட்டமாக இல்லாமல் ஆறு இதழாக விரிந்திருந்தால் கோதிக் பாணியைப் பின்பற்றிய வேலை. தண்டின் நடுவில் உருண்டையாக ஒரு கணு இருக்கும். பழைய பூசை முறையில் எழுந்தேற்றத்துக்கு (அப்பமும் இரசமும் நற்கருணையாகும் நேரத்துக்கு) பிறகு குருவானவர் பெருவிரலையும் சுட்டுவிரலையும் பிரிக்காமல் சேர்த்தே வைத்திருப்பார். மற்ற விரல்களால் கிண்ணத்தை வழுக்காமல் பிடிக்க அந்தக் கணு தேவைப்பட்டது. கணுவில் சிலுவை, நங்கூரம், இருதயம் மூன்றும் வந்தால் விசுவாசம், நம்பிக்கை, அன்பு. தட்டைச் சுற்றி ஏணி, சுத்தியல், குறடு, ஆணிகள், சேவல், பகடைக்காய் என்று வந்தால் ஆண்டவரின் பாடுகள். ஏழு முத்திரையிட்ட நூலின்மேல் படுத்திருக்கும் செம்மறி என்றால் கிறிஸ்து, நான்கு நற்செய்தியாளருக்கு மனிதன், சிங்கம், எருது, கழுகு. கோதுமைக் கதிரையும் திராட்சைக் குலையையும் சொல்லவே வேண்டாம். வயல்காரச் சனம் அந்தக் கதிரை நெற்கதிர் என்றே நினைத்துக் கும்பிட்டு வந்திருக்கிறது; அதில் ஒரு குறையும் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது, தன் நெஞ்சைத் தானே கொத்தி இரத்தத்தைக் குஞ்சுகளுக்கு ஊட்டும் பறவை. நற்கருணைக்கு அடையாளமாக ஐரோப்பா நெடுங்காலம் வைத்திருந்த உருவம் அது. அந்தப் பறவை கூழைக்கடா. கட்டுக்கரைக் குளத்தில் பை தொங்கும் அலகோடு மிதப்பதும் கூழைக்கடாதான். ஆனால் அதை அடித்த ஐரோப்பியத் தட்டார் பலர் ஒரு கூழைக்கடாவையும் கண்டிருக்க மாட்டார்கள். வளைந்த கூர் அலகும் நீண்ட கழுத்துமாக, கழுகுக்கும் அன்னத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்றைச் செய்து வைத்தார்கள். எங்கள் பீடச்சிறுவர்கள் அதைக் கழுகு என்றுதான் சொல்கிறார்கள். குளத்தங்கரைப் பிள்ளைகளுக்கு இதை ஒருமுறை காட்டி விளக்கினால் மறக்கவே மாட்டார்கள்.

சரி, இதற்கும் பாத்திரத்தைத் திருத்துவதற்கும் என்ன சம்பந்தம்? நகாசு வேலை என்பது மெல்லிய தகட்டைப் பின்னாலிருந்து அடித்து எழுப்பி, முன்னாலிருந்து சிற்றுளியால் கோடு கொடுப்பது. எழும்பி நிற்கும் இடம் எதுவோ அதுதான் மிக மெல்லிய இடம். சம்மனசின் (தேவதூதரின்) கன்னம், பறவையின் அலகு, செம்மறியின் காது எல்லாம் அப்படி. தேய்த்தால் முதலில் போவதும் அவைதான். முலாம் கடையில் மோட்டரில் சுழலும் துணிச் சக்கரத்தில் தேய்த்து மினுக்கினால், அதாவது பஃப் போட்டால், நூறு வருடம் தாங்கிய முகம் சில நிமிடத்தில் வழுவழுப்பாகிவிடும். பாத்திரம் பளபளக்கும், பறவைக்குக் கண் இருக்காது.

எல்லாச் சித்திரமும் ஒரே தரமும் இல்லை. அடித்தட்டைத் திருப்பி உள்ளே பாருங்கள். உருவம் குழியாகப் பின்பக்கமும் தெரிந்தால் அடித்த வேலை. அதில் உளிக்கோடு ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல் இருந்தால் கை வேலை. ஆறு சம்மனசும் அச்சில் வார்த்ததுபோல ஒரே மூக்கும் ஒரே சுருட்டை முடியுமாக இருந்தால் இயந்திர அச்சில் அழுத்தியது. பின்பக்கம் மொழுமொழு என்று கனமாக இருந்தால் வார்த்து ஒட்டியது. கைவேலைக்கும் வார்ப்புக்கும் நான் பஃப் சக்கரத்தை அண்டவிட மாட்டேன். முலாம் பூசிய அச்சு வேலை என்றால், பூச்சு முழுவதும் உரிந்து பித்தளை பச்சை பிடித்துப்போனால், திரும்பப் பூசுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

உட்புறம்: தயங்காமல் செய்ய வேண்டியது

திருப்பலி நூலின் பொதுப் போதனை, 328ஆம் எண், தெளிவாகச் சொல்கிறது: புனித பாத்திரங்கள் உயர்ந்த உலோகத்தால் ஆனவையாக இருக்க வேண்டும், துருப்பிடிக்கும் உலோகமாகவோ தங்கத்தைவிட மதிப்புக் குறைந்த உலோகமாகவோ இருந்தால் பொதுவாக உட்புறம் தங்க முலாம் பூசப்பட வேண்டும். வெள்ளியும் இந்த விதிக்குள் அடங்கும். இதில் மரியாதையோடு உடல்நலமும் இருக்கிறது. இரசம் புளிப்புள்ளது. முலாம் தேய்ந்த பித்தளையிலும் செம்பிலும் அது படும்போது செம்பு கரைந்து இறங்கும். 950 பங்கு வெள்ளிக் கிண்ணத்தில் இந்தப் பயம் குறைவு, கறுப்புத்தான் பிரச்சினை. ஆகவே உட்புறத்தில் மஞ்சளோ பச்சையோ தெரிகிற பித்தளைப் பாத்திரத்தை உடனே நிறுத்துங்கள். கறுத்த வெள்ளிக் கிண்ணம் பெருநாள் முடியும்வரை காத்திருக்கும்.

திருத்தக் கொடுத்தால் மந்திரிப்பு (ஆசீர்வாதம்) போய்விடும் என்று மூத்தவர்கள் பயப்படுவது நியாயமான பயம். முன்பு ஆயர் பரிசுத்த தைலம் பூசி அபிஷேகம் செய்த பாத்திரங்கள் அவை. அந்தக் காலத்துச் சட்டமான 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பே, 1305ஆம் எண்ணில், முலாம் தேய்வதாலோ திரும்பப் பூசுவதாலோ கிண்ணம் தன் அபிஷேகத்தை இழக்காது என்று சொல்லியிருக்கிறது. தேய்ந்தால் திரும்பப் பூசுவது பெரிய கடமை என்றும் அதே இடத்தில் இருக்கிறது. மூப்பருக்கு இதை வாசித்துக் காட்டினால் பாதி வாக்குவாதம் அடங்கிவிடும்.

எப்படிப் பூசுவது என்பதில் மூன்று வழி உண்டு. பாதரசத்தில் தங்கத்தைக் கரைத்துத் தடவிச் சூடாக்கும் பழைய முறை நிறத்திலும் உழைப்பிலும் எல்லாவற்றையும் வெல்லும். ஆனால் கிளம்பும் பாதரச ஆவி நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். யாராவது செய்து தருவதாகச் சொன்னாலும் கேட்கக் கூடாது. இரண்டாவது, நகைக்கடையில் கவரிங் நகைக்குப் போடும் கில்ட். மலிவு, அன்றே கிடைக்கும். அது நிறம் காட்டும் பூச்சு. நாள்தோறும் துணியால் துடைக்கும் கிண்ணத்தில் நிலைக்காது. மூன்றாவது, மின்சாரத்தால் கனமாகப் பூசுவது. கடைக்காரரிடம் மைக்ரோன் கணக்கில் கேளுங்கள். தங்க முலாமிட்ட வெள்ளி என்று ஒரு பொருளை விற்க அமெரிக்காவில் குறைந்தது இரண்டரை மைக்ரோன் தங்கம் வேண்டும். பூசைக் கிண்ணத்துக்கு அதற்குக் குறைவாக நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இங்கேதான் பிரெஞ்சுக் கிண்ணம் நமக்கு ஒரு உதவி செய்கிறது. அது ஒரே துண்டு இல்லை. அடித்தட்டுக்குக் கீழே ஒரு நட்டு இருக்கும். தண்டுக்குள் ஒரு நீண்ட கம்பி ஓடும். நட்டைக் கழற்றினால் அடித்தட்டு, தண்டு, கணு, கிண்ணம் எல்லாம் தனித்தனியாக வரும். பலவற்றில் கிண்ணத்தின் கீழ்ப்பாதியைச் சுற்றியிருக்கும் சித்திரக் கூடும் தனித் துண்டுதான். இரசம் ஊற்றும் உள்கிண்ணம் வெறுமையான வழுவழுப்பான வெள்ளி. அப்படியானால் கடைக்கு அந்த உள்கிண்ணத்தை மட்டும் கொடுத்தால் போதும். சித்திரம் முழுவதும் கோயில் பெட்டியிலேயே இருக்கும், பஃப் சக்கரத்தைக் காணவே காணாது. கழற்றமுன் ஒவ்வொரு பக்கமும் படம் எடுத்து, துண்டுகள் எந்த முகமாகப் பொருந்தியிருந்தன என்று குறித்து வையுங்கள். இறுகிய நட்டை நீங்கள் முறுக்க வேண்டாம், பத்தரிடம் விடுங்கள்.

கழற்ற முடியாத கிண்ணம் என்றாலும் வழி இருக்கிறது. கிண்ணத்தையே தொட்டியாக்கி, அதற்குள் முலாம் கரைசலை ஊற்றி, நடுவில் மின்வாயைத் தொங்கவிட்டு உட்புறத்தை மட்டும் பூசலாம். வேலை தெரிந்த கடைக்காரருக்கு இது புதிதில்லை. “முழுக்க முக்கி எடுத்தால்தான் வரும்” என்று ஒருவர் சொன்னால், அடுத்த கடையைப் பாருங்கள்.

விரிசலும் ஈய ஒட்டும் வேறு கதை. போரில் இடம்பெயர்ந்த காலத்தில் அவசரத்துக்கு வைத்த ஒட்டுகள் பல பாத்திரங்களில் உண்டு. மங்கிய சாம்பல் நிறம், நகத்தால் கீறினாலே கோடு விழும். கிண்ணத்துக்குள் ஈயம் தெரிந்தால் அதில் பூசை வைக்க வேண்டாம். வெள்ளிப் பற்றாசு (உருக்கி ஒட்டும் கலவை) வைத்துத் திருத்தமுன் பழைய ஈயத்தை முழுதாக எடுக்க வேண்டும். மிச்சம் இருக்கச் சூடாக்கினால் ஈயம் வெள்ளிக்குள் அரித்துத் துளையாக்கிவிடும். இதைத் தானாகச் சொல்கிற பத்தர்தான் நல்ல பத்தர். அடித்தட்டின் கீழே, கண்ணுக்குப் படாத இடத்தில் ஈய ஒட்டு இருந்து பாத்திரம் உறுதியாக நின்றால், அதைச் சும்மா விடுங்கள்.

வெளிப்புறம்: செய்யாமல் விடுவது

வெள்ளி கறுப்பது காற்றில் உள்ள கந்தக வாயுவால். கடற்கரைக் கோயிலில் உப்புக் காற்றும் சேரும். பாத்திரத்தைச் சுற்றி வைத்திருக்கும் ரப்பர் வளையமும் கம்பளித் துணியும் அந்தக் கறுப்பை வேகப்படுத்தும். முதலில் அவற்றை எறியுங்கள்.

திருநீறு, பற்பசை, புளி, தேசிக்காய் எல்லாம் எங்கள் வீடுகளில் ஓடுகிற வைத்தியம். குத்துவிளக்குக்குப் புளி சரி. தங்க முலாமுள்ள வெள்ளிக்குப் பற்பசை கூடாது, கீறிவிடும். இணையத்தில் எல்லோரும் காட்டும் அலுமினியத் தாளும் சோடாவும் வெந்நீரும் ஒரு சாதாரண வெள்ளிக் கரண்டிக்கு நல்ல வழிதான். சித்திரப் பாத்திரத்துக்கு வேண்டாம். அந்தக் காலத்துத் தட்டார் குழிவுகளில் வேண்டுமென்றே கறுப்பு விட்டிருப்பார். அதனால்தான் உருவம் எழும்பித் தெரிகிறது. வெந்நீர் முறையும் கடையில் விற்கும் முக்கியெடுக்கும் திரவமும் அந்தக் கறுப்பையும் சேர்த்துக் கழுவிவிடும். பிறகு கூழைக்கடாவும் குஞ்சும் ஒரே வெள்ளை வெளிச்சமாகிப்போகும். உள்ளே குடைவான துண்டுகளுக்குள் தண்ணீர் புகுந்து தங்கினால் இன்னும் தொல்லை.

மிதமான சவர்க்காரத் தண்ணீர், மென்மையான துணி, ஆறின தண்ணீரில் அலசல். பெரும்பாலான பாத்திரத்துக்கு இது போதும். வன்னிக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. காய்ந்தபின் வெள்ளைப் படை விடும். கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீரோ, பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீரோ பாவியுங்கள். மெழுகு ஒட்டியிருந்தால் கத்தி எடுக்காமல் இளஞ்சூட்டுத் தண்ணீரில் இளக்குங்கள். கறுப்பு மிகவும் அடர்ந்திருந்தால் மட்டும் மெல்லிய சுண்ணத்தூளைத் தண்ணீரில் குழைத்துப் பஞ்சால் தொடலாம். ஒவ்வொரு மினுக்கலிலும் கொஞ்சம் வெள்ளி போகிறது என்ற நினைவு இருந்தால் கை தானாக மென்மையாகும்.

பாத்திரத்தைப் பொதுநிலையினர் கையால் தொடலாமா என்றும் கேட்பார்கள். இன்றைக்குத் தடை இல்லை. ஆனாலும் பருத்திக் கையுறை நல்லது, வியர்வையில் உப்பு இருக்கிறது. பூசைக்குப் பாவித்த பாத்திரம் என்றால் குருவானவர் முதலில் சுத்திகரித்துத் தரட்டும்; அந்தத் தண்ணீர் கால் படாத மண்ணில் போகட்டும்.

அப்புறம் பாத்திரங்களில் விழுந்த வளைவுகள். 2008 ஏப்ரலில் மடு மாதா சொரூபமே தேவன்பிட்டிக்குக் கொண்டுபோகப்பட்டு ஓகஸ்டில் திரும்பியது. பல பங்குகளின் பாத்திரங்களும் உழவு இயந்திரப் பெட்டியிலும் மடியிலும் அலைந்தவை. அடித்தட்டு சற்றே வளைந்திருக்கிறது, ஆனாலும் பீடத்தில் ஆடாமல் நிற்கிறது என்றால் நிமிர்த்த வேண்டாம் என்பதே என் கட்சி. இறுகிப்போன வெள்ளியைச் சூடாக்காமல் நிமிர்த்தினால் வெடிக்கும். சூடாக்கினால் முலாமும் கறுப்பும் போகும். கவிழும் அளவுக்கு ஆடினால் மட்டும் கொடுங்கள்.

மற்றப் பாத்திரங்கள்

அப்பத்தட்டு பெரும்பாலும் சித்திரம் இல்லாதது அல்லது அடியில் இயேசுவின் பெயரைக் குறிக்கும் ஐ.எச்.எஸ். எழுத்தோ செம்மறியோ மட்டும் உள்ளது. மேற்புறத்தைக் கிண்ணத்தோடு சேர்த்துப் பூசிவிடலாம்.

நற்கருணைப் பாத்திரத்தில் உட்புறம் சொரசொரத்துக் குழி விழுந்திருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். துகள்கள் குழியில் சிக்கும். அது மரியாதைக் குறைவு, சுத்திகரிக்கவும் கடினம். ஆழக் குழி விழுந்த பித்தளைப் பாத்திரத்தைத் திருத்தி நாள்பூசைக்கு வைப்பதை விடப் புதிதொன்று வாங்குவது நல்லது. இந்த ஒன்றில் நான் மாற்றுகிறவர் பக்கம்.

கதிர்ப்பாத்திரத்தில் நேர் எதிர். அப்பத்தைத் தாங்கும் பிறைத் துண்டைத் தவிர வேறெதுவும் நற்கருணையைத் தொடுவதில்லை. வருடத்தில் சில தரம்தான் வெளியே வரும்: ஆராதனை, நற்கருணை ஆசீர், சற்பிரசாதத் திருநாள் பவனி. தேய்மானம் குறைவு, சித்திரம் அதிகம். கதிர்கள், சம்மனசுகள், மேகம், கோதுமை எல்லாம் இங்கேதான் கொட்டிக் கிடக்கும். பிறையை மட்டும் பூசி, கண்ணாடியைச் சரிபார்த்து, பழையதையே வைத்திருங்கள். புதிய கதிர்ப்பாத்திரம் வாங்கித் தருகிறேன் என்று வருபவரை நன்றி சொல்லி நற்கருணைப் பாத்திரத்தின் பக்கம் திருப்பிவிடுவது கெட்டித்தனம். பதித்த கற்கள் பெரும்பாலும் நிறக் கண்ணாடிதான், ஆனாலும் தண்ணீரில் முக்க வேண்டாம். பின்னால் வைத்த தகடு கறுத்துக் கல்லின் ஒளி செத்துவிடும்.

தூபக்கலசத்துக்கு நான் யோசிக்கவே மாட்டேன். சிரட்டைக் கரித் தணலும் சாம்பிராணிப் பிசினும் எந்த வெள்ளியையும் விடாது. பழையதைப் பெட்டியில் வைத்து, உள்ளே இரும்புக் கிண்ணம் போட்ட பித்தளைக் கலசம் ஒன்றை வாங்குங்கள்.

புதிது, காட்சி, விலை

புதுச் செட் வாங்குவதில் தப்பே இல்லை. நாள்பூசைக்கு முலாமிட்ட பித்தளைக் கிண்ணம் ஒன்று இருந்தால் பழையது வருடப் பெருவிழாவுக்கும் பெரிய வெள்ளிக்கு முந்திய நாளுக்கும் என்று நீண்டகாலம் தாங்கும். இந்தியாவிலிருந்து வருபவை விலைக்கு வாசி. அவற்றின் சித்திரம் பெரும்பாலும் அச்சு வேலை. அலங்காரம் கூடக் கூட விலை கூடும், தரம் கூடாது. எனவே நாள்பூசைக்கு வெறுமையான, கனமான கிண்ணமாகப் பாருங்கள். காசு இருக்கிற பங்கு என்றால் கண்டிப் பக்கத்து வெள்ளி வேலைக்காரரிடமோ யாழ்ப்பாணம் கன்னாதிட்டிப் பத்தரிடமோ புதிதாகச் செய்விக்கலாம். பொதுப் போதனையின் 332ஆம் எண், பாத்திரத்தின் வடிவத்தை அந்தந்த நாட்டுப் பண்பாட்டுக்கு ஏற்பக் கலைஞர் அமைக்க இடம் தருகிறது. ஒரு தடவையாவது யாராவது உண்மையான கூழைக்கடாவை, பை அலகோடு, அடித்துத் தர வேண்டும் என்பது என் ஆசை.

மறைமாவட்டக் காப்பகத்துக்குக் கொடுப்பது இரண்டு நிலையில் சரியான முடிவு. கைவேலை மிகச் சிறந்ததாகவோ 1815க்கு முந்தியதாகவோ இருப்பது ஒன்று. கோயில் குடிமனைக்குத் தூரத்தில், காவல் இல்லாமல் இருப்பது மற்றது. மன்னார், வவுனியா மாவட்டப் பங்குகள் மன்னார் ஆயரகத்தையும் முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பங்குகள் யாழ்ப்பாண ஆயரகத்தையும் கேட்க வேண்டும். கொடுப்பதை இரவல் என்று எழுத்தில் எழுதி, பெருநாளுக்குக் கொண்டுவரும் உரிமையையும் அதிலேயே சேருங்கள். கண்ணாடி அலுமாரிக்குள் போன பாத்திரம் பெருநாளுக்குக்கூட வராவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அது யாரோ ஒருவருடைய சாமான்.

விற்பதும் உருக்குவதும் பேச்சுக்கே இடமில்லாதவை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1171ஆம் எண் புனித பொருட்களைப் பிற பாவனைக்கு எடுப்பதைத் தடுக்கிறது. 1292ஆம் எண் நேர்ச்சையாகக் கொடுத்தவற்றையும், கலையாலோ வரலாற்றாலோ மதிப்புள்ளவற்றையும் கைமாற்ற உரோமையின் அனுமதி வேண்டும் என்கிறது. நாட்டுச் சட்டமும் சும்மா இருக்காது: 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள் தொல்பொருள், அனுமதி இல்லாமல் வெளிநாடு கொண்டுபோக முடியாது.  பின்வாங்குக்காரருக்கு இந்தப் பதிலே போதும்.

எந்த முடிவானாலும் முதல் வேலை பட்டியல். திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1283ஆம் எண் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உயரம், நிறை, முத்திரைப் படம், அடித்தட்டின் கீழே கொடுத்தவர் பெயர் வெட்டியிருந்தால் அதன் படம் என்று எழுதி, ஒரு பிரதி பங்கிலும் ஒன்று ஆயரகத்திலும் வையுங்கள். கடைக்குக் கொடுக்கும்போது அந்தப் பட்டியலின் நிறையோடு கொடுத்து, அதே தராசு நிறையோடு திரும்ப வாங்குங்கள். கொடுக்கும் துண்டில் “வெளிப்புறம் பஃப் போடக்கூடாது, உட்புறம் மட்டும்” என்று எழுதிக் கையெழுத்தும் வாங்குங்கள். பெருநாளுக்கு முந்திய வாரத்தில் கொடுத்தால் எந்தக் கடையும் அவசரத்தில் சக்கரத்தைத்தான் எடுக்கும். ஆகவே தவக்காலம் முடிந்து உயிர்ப்புத் திருநாள் கழிந்த கையோடு கொடுத்துவிடுங்கள். புதிய நற்கருணைப் பாத்திரத்துக்குச் சொல்லமுன், நற்கருணை வைக்கும் பேழையின் வாசல் உயரத்தை உள்ளே அளந்து, மூடியின் சிலுவையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். பழைய பேழைகளின் வாசல் தாழ்வு, இன்றைக்குக் கடையில் கிடைப்பவை உயரம்.